கன்னி மூலையில் நின்ற லாரி

பாய்,

உங்களுக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. செய்தவன் என் மகன் சிவக்குமார். நீங்கள் கடைசியாகக் கட்டிக் கொடுத்த இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது, பாய்க்கு வயதாகிக் கை போய்விட்டது, அதை மறைத்துக்கொண்டு வேலையை வாங்கிவிட்டார் என்று உங்கள் பட்டறை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். வேலைக்கு வந்திருந்த லாரிக்காரர்கள் கேட்டார்கள். உங்கள் மகன் யூசுப் கேட்டார். பதில் சொல்ல வேண்டிய நீங்கள் அங்கே இல்லை. உங்களை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது.

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நலம் விசாரிப்பது பிறகு. நீங்களும் அப்படிப்பட்டவர்தானே. வண்டி வந்து நின்றதும் "என்ன சத்தம் வருதுங்க?" என்று கேட்டு, பானெட்டைத் தூக்கி, காதைச் சாய்த்து முடித்த பிறகுதான் "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்று என் பக்கம் திரும்புவீர்கள்.

இன்று காலை லாரியின் கேபினைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் சொருகியிருந்த துணி கையோடு வந்தது. உங்கள் நீலக்கட்டம் போட்ட லுங்கியின் ஒரு துண்டு. பல வருஷத்து எண்ணெய் ஏறி, நீலம் எது கறுப்பு எது என்று தெரியாமல் போன துணி. மூக்கருகே கொண்டு போனேன். கருகிய இன்ஜின் எண்ணெய் வாசனை, அதற்கு அடியில் மெல்லிசாகக் கிராம்பு. பீடியை விட்ட பிறகு எந்நேரமும் நீங்கள் வாயில் ஒதுக்கி வைத்திருந்த கிராம்பு. அது எப்படித் துணியில் ஏறியது என்று தெரியவில்லை. துணியில் இல்லாமல் என் மூக்கில்தான் இருக்கிறதோ என்னவோ. கேபின் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நான் முதன்முதலில் உங்கள் பட்டறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் போன பிறகு லாரியை விற்றுவிடச் சொல்லி என் அண்ணன்மாரும் அவருடைய பங்காளிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். மற்ற விஷயங்களில் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் இதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். நான் விற்கவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. விற்கச் சொன்னார்கள், அதனால் விற்கவில்லை. அவிநாசியிலிருந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உக்கடம் வந்து சேர்ந்தேன். வாசலில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டீர்கள். நான் அதில் உட்காராமல் இன்ஜினுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"அம்மணி, சேலையில கறை பட்டுருங்க."

"சேலை என்னுதுங்க பாய். வண்டியும் என்னுதுதானுங்க."

நீங்கள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஓர் அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். அந்தக் காலத்தில் எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். நகர்ந்து இடம் விட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்றைக்கு ஆயில் மாற்றும் வேலை. சூட்டோடு பழைய எண்ணெயை இறக்கி, வடிய விட்டு, புது ஃபில்டர் மாட்டினீர்கள். புது எண்ணெயை ஊற்றும்போது கேனை நான் வாங்கிக்கொண்டேன். என் வண்டிக்கு என் கையால் ஊற்ற வேண்டும் என்று ஆசை.

"போதுங்க அம்மணி."

"இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுங்க பாய். கொடுமுடிக்குப் போயி மஞ்சள் ஏத்தோணும். கூட இருந்தா நல்லதுதானுங்களே."

கேனைப் பிடித்து நிமிர்த்திவிட்டீர்கள். "இது பந்தியில உக்காந்த விருந்தாளி இல்லீங்க, இன்னொரு கரண்டி போட்டுக்கங்கனு உபசாரம் பண்ண. இதுக்கு வேண்டாம்னு சொல்ல வாய் கெடையாது. புகையாத்தான் சொல்லும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் இலையைக் கையால் மறைத்தாலும் விடமாட்டோம், விரல் இடுக்கில் ரசம் ஊற்றுவோம். அப்படி வளர்ந்த கை. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நீங்க மட்டும் நோம்புக் கஞ்சிய ஒரு கிண்ணத்தோட நிறுத்துவீங்களாக்கும்?"

"கஞ்சி குடிச்சவன் வகுறு நெறஞ்சா நடந்து ஊட்டுக்குப் போவான். இதுக்குள்ள ஒரு தண்டு சுத்துதுங்க. எண்ணெய் கூடிப்போச்சுன்னா அது எட்டி எட்டி அடிச்சு மோரு மாதிரி கடஞ்சுபோடும். வெறும் நுரையா வந்து நின்னா பேரிங்கு எதைக் குடிக்கும்? ஆயில் சீலை முட்டிக்கிட்டு வெளிய வரும். பிஸ்டன் ரிங்கு வழியா மேல ஏறி எரியும்."

மோர் என்றதும் புரிந்தது. நுரையை ஊற்றி யார் சோறு உண்ண முடியும்? கேனை வைத்துவிட்டேன். ஆனால் உங்களிடம் புரிந்தது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் முறை எனக்குப் பாடமாயிற்று. கொள்ளளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஊற்ற வேண்டும். வண்டியைக் கிளப்பி, டிரைவர் முன்னால் எரியும் சிவப்பு விளக்கு அணையும்வரை ஓடவிட்டால் புது ஃபில்டர் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். பிறகு நிறுத்திவிட வேண்டும். உடனே எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவக் கூடாது. மேலே ஏறிய எண்ணெய் அடியில் வந்து சேரவேண்டும். அதற்குத்தான் டீ. ஆற அமரக் குடித்துவிட்டு வந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப முழுசாக விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் இரண்டு கோடு. கீழ்க் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. இதுவரைக்கும் நமக்குள் சண்டை இல்லை.

சண்டை மேல் கோட்டில்தான். எண்ணெய் மேல் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும் என்பது உங்கள் கட்சி. நகக்கண் அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை வருஷம் பாய்! ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அதே வழக்கு.

"கோடு போட்டவன் பைத்தியக்காரனுங்களா அம்மணி?"

"கோடு போட்டவன் என்ர வண்டிய மேட்டுல ஏத்திப் பாத்தானுங்களா?"

"சரி, நகக்கண்ணுன்னா யார் நகக்கண்ணுங்க? உங்களுதா, என்னுதா?"

பட்டறையே சிரிக்கும். யூசுப் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

அந்தத் துணியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்றாலும். நீங்கள் பனியன் வேஸ்டால் கம்பியைத் துடைப்பீர்கள். திருப்பூரிலிருந்து மூட்டையில் வருகிற வெட்டுத் துணி. அதில் நூல் பிரிந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். நூலோடு கம்பியை உள்ளே விட்டால் குப்பை எண்ணெய்க்குள் போகும் என்று நான் சத்தம் போட்டேன். "ஒரு நூலுக்கா இந்தப் பேச்சு?" என்றீர்கள். அடுத்த முறை வரும்போது என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல் ஆன பருத்தி. அதைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தீர்கள். விரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடிப்பிலேயே தெரிந்துவிட்டது.

"யாருதுங்க இது?"

"அவரோடதுங்க."

"கொண்டுபோயி ஊட்டுல வைங்க அம்மணி. மனுசன் கட்டுன வேட்டிய நான் கரியாக்கறதா?"

உள்ளே போய் ஆணியில் தொங்கிய உங்கள் லுங்கியை எடுத்து வந்து, என் கண் முன்னால் பரக்கென்று கிழித்தீர்கள். ஒரு துண்டைப் பட்டறைக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை என் லாரிக்குக் கொடுத்தீர்கள். அந்த வேட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் வாங்கியிருந்தால் எண்ணெயோடு போயிருக்கும். கொடுத்த பிறகு எத்தனை இரவு அழுதிருப்பேன் என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எடைமேடைக்குப் போகும் வழக்கமும் உங்களுடையதுதான். உக்கடத்தில் பட்டறைத் தரை ஒரு பக்கம் பள்ளம், தெரு இன்னொரு பக்கம் பள்ளம். ஆயில் மாற்றியதும் கடைசி அளவை, மட்டம் பார்த்துப் போட்ட எடைமேடையில் ஏற்றித்தான் பார்ப்பீர்கள். "சமமா நிறுத்தாம அளவு கேக்காதீங்க" என்பீர்கள். லாரியோடு நீங்களும் தொத்திக்கொண்டு அவிநாசி ரோட்டு எடைமேடை வரைக்கும் வருவீர்கள். உங்களுக்கு அது வேலையா, ஊர் சுற்றலா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். மேடைக்காரர் சன்னலில் தலையை நீட்டிக் கத்துவார்.

"ஏனுங்க பாய், எடை போடறீங்களா இல்லீங்களா? பொறத்தால வண்டி நிக்குது."

"எடை வேண்டாங்க. சமம் மட்டும் போதும். டீ சொல்லுங்க, காசு நான் குடுக்கறேன்."

அந்த டீக்காகவே அவர் நம்மைப் பொறுத்துக்கொண்டார்.

போன வருஷம் நம் இன்ஜின் களைத்துப்போனது. புதுசு வாங்கலாம் என்றான் சிவக்குமார். பாய் கட்டட்டும் என்றேன் நான். நீங்கள் முழுசாக இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ரிங் மாற்றி, மறுபடி கட்டினீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். டீ கிளாஸைப் பிடிக்கும்போது உங்கள் விரல் நடுங்கியது, உண்மை. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள், அதுவும் உண்மை. ஆனால் ரிங்கை எடுத்த கையில் நடுக்கம் இல்லை. சந்தேகம் வந்த இடத்தில் யூசுப்பைக் கூப்பிட்டு ஒரு முறைக்கு இரு முறை அளக்கச் சொன்னீர்கள். கை போனவன் அப்படியா வேலை செய்வான்?

வேலை முடிந்து எடைமேடைக்கு வந்தோம். டீ குடித்தோம். நான் கம்பியை உருவி, லுங்கித் துண்டால் துடைத்து, விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டுக்கு நகக்கண் கீழே நின்றது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தீர்கள்.

"கொறஞ்சிருக்குங்களே பாய்."

"ஆமாங்க, கண்ணு செரியாத் தெரியலீங்க. கொறச்சு ஊத்திப்போட்டேன்."

பொய். உங்கள் ஆயுசில் நீங்கள் குறைத்து ஊற்றியதில்லை. "இருக்கட்டும், பரவால்லீங்க" என்றேன் நான்.  அதுதான் நாம் கடைசியாகச் சேர்ந்து பார்த்த அளவு. பிறகு லாரி கொடுமுடிக்கும் ஈரோட்டுக்கும் மஞ்சள் மூட்டையோடு எத்தனையோ நடை போய் வந்தது. ஒரு பொட்டுப் புகை கிடையாது. இன்ஜின் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஊர்க்காரர்கள், "புது வண்டிங்களா அம்மணி?" என்றார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் யூசுப் போன் செய்தார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். வந்தேன். உங்களை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உங்கள் வீட்டுப் பெண்களோடு வாசலில் நின்றேன். அவர்கள் யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டம்மா என் கையைப் பிடித்து, "நகக்கண்ணு அம்மணி" என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார். நம் சண்டையை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்! அழுதுகொண்டிருந்தவள் ஒரு நொடி உங்கள்மேல் கோபப்பட்டேன். அப்புறம் மறுபடி அழுதேன்.

அதற்குப் பிறகு முழங்கால் வைத்தியத்துக்காகக் கொடுமுடியில் என் மகள் வீட்டில் போய் இருந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து சிவக்குமார், லாரி நிற்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு வாஸ்து பார்த்திருக்கிறான். ஆர்.எஸ்.புரத்தில் இருந்து ஒருவர் வந்து, தென்மேற்கே கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும், வடகிழக்கே ஈசானி மூலை தாழ்ந்திருக்க வேண்டும், வீட்டில் கனமானது எதுவோ அது கன்னி மூலையில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் லாரியைவிடக் கனமானது என்ன இருக்கிறது? லோடு லோடாகக் கிராவல் மண்ணைக் கொட்டி மூலையை உயர்த்தினான். கிழக்கு வாசல் வழியாக உள்ளே வரும் லாரி மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றது.

நம் லாரியில் அளவுக் கம்பி இறங்குவது இன்ஜினின் முன்பக்கம். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் எண்ணெய் பின்னால் போய்த் தேங்கும். முன்னால் விடும் கம்பிக்கு எண்ணெய் எட்டாது. டிரைவர் பழனிச்சாமி ஒழுங்கானவன். தினமும் காலையில் கிளப்புவதற்கு முன்னால் கம்பியைப் பார்ப்பான். குறைவாகக் காட்டியது, ஊற்றினான். கூடின எண்ணெய் கடையப்பட்டு, எரிந்து, பின் சீல் வழியாக ஒழுகி வெளியே போனது. மறுநாள் மறுபடி குறைவாகக் காட்டியது, மறுபடி ஊற்றினான். பந்தியில் ரசம் ஊற்றும் எங்கள் கை அவனுக்கும் இருந்தது. லாரிக்குப் பின்னால் நீலப் புகை. சிவக்குமாருக்கு வேறு யோசனை வரவில்லை. நேராக உங்கள் பட்டறைக்குப் போய் அந்தப் பேச்சைப் பேசிவிட்டான்.

யூசுப் என்ன செய்தார் தெரியுமா? கையைத் துடைத்துக்கொண்டு, "கோவப்படாதீங்கண்ணா, எறக்கிப் பாத்தறலாம்" என்றாராம். உங்கள் கையால் கட்டிய கடைசி இன்ஜினைத் தன் கையால் பிரிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்களில் இரண்டு பேர் அடுத்த வாரம் வேலைக்கு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் முக்கால்வாசி வேலை முடிந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இதெல்லாம் நான் ஊர் திரும்பிய பிறகு பழனிச்சாமி சொல்லித்தான் தெரியும். கேட்டு முடித்ததும், "இன்ஜினை யாரும் தொடக் கூடாது" என்றேன். ஏன் என்று மகன் கேட்டான். என்னிடம் காரணம் இல்லை. பாய் கட்டியது, அவ்வளவுதான்.

காரணம் அமாவாசையன்று கிடைத்தது. வழக்கம்போல் லாரிக்குப் பூசை. லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்பதால் டயருக்குப் பின்பக்கம் எலுமிச்சம்பழம் வைத்தான் பழனிச்சாமி. சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பினால் பழம் டயரிடம் இல்லை. உருண்டு கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து மறுபடி வைத்தான். மறுபடி உருண்டது.

"ஏன் கண்ணு, பழம் நிக்க மாட்டேங்குதா?"

"மண்ணு கொட்டுனதுல இருந்து இப்பிடித்தானுங்க. கல்லு முட்டுக் குடுத்துத்தான் வெப்பேன்."

அவன் கல்லைத் தேடப் போனான். நான் உருண்டு போகும் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கேட்டில் முட்டி நின்றபோது எனக்குப் பிடிபட்டுவிட்டது. சமமாக நிறுத்தாமல் அளவு கேட்டிருக்கிறார்கள், பாய்.

"சூடம் அணையட்டும். வண்டிய எடைமேடைக்கு எடு கண்ணு."

எடைமேடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எடையா என்று கேட்கவில்லை. பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார், அவரே காசு கொடுத்து. வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். கம்பியை உருவினேன், துடைத்தேன், விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கோடே தெரியவில்லை, அடியிலிருந்து மேல்வரைக்கும் எண்ணெய்.

பழனிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, தெனமும் பாத்துத்தானுங்க ஊத்துனேன்!"

"உன்மேல தப்பில்ல. நீ நின்ன எடம் அப்பிடி."

அங்கேயே சிவக்குமாருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். காரில் வந்து இறங்கினான். அவன் கண் முன்னால் மறுபடி துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முட்டாள் இல்லை, என் வயிற்றில் பிறந்தவன்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்க?"

"வாசல்ல பாத்தா உனக்குக் கம்மியாத்தான தெரியும் சாமி."

லாரியை ஓரமாக இறக்கி, அடியில் பேசின் வைத்து, கூடுதலாக இருந்ததை வடித்தோம். மறுபடி ஏற்றிப் பார்த்து, மறுபடி வடித்து, அளவுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் கொடுமுடிக்குப் போய் வந்தது. பின் சீல் அடிபட்டுவிட்டது, அது இன்னும் சொட்டுகிறது, அதை மாற்றத்தான் வேண்டும். புகை நின்றுவிட்டது. உங்கள் ரிங், உங்கள் போர், நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. எனக்கு அதில் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. உங்களுக்கு இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் இத்தோடு முடிந்தது என்கிறான் சிவக்குமார். முடியவில்லை என்கிறேன் நான்.

"செரிங்கம்மா, தப்புத்தான். ஒத்துக்கறேன். இப்ப வண்டி நேராயிருச்சல்ல, விட்டுருங்க."

"என்கிட்ட எதுக்கு ஒத்துக்கறே? எங்க நின்னு சொன்னியோ அங்க போயிச் சொல்லு."

"யூசுப்புக்குப் போன் போட்டுச் சொல்லிக்கறேன்."

"பாயைப் பேசுனது போன்லயா?"

 அன்றிலிருந்து அவன் கொண்டுவந்து வைக்கும் காபியை நான் குடிப்பதில்லை. மருமகள் தனியாகப் போட்டுத் தந்தால் குடிக்கிறேன். இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். செத்தவருக்கு என்ன தெரியப் போகிறது என்கிறார்கள். உங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, உங்கள் வாசலில் அந்தப் பேச்சு இன்னும் கிடக்கிறது. யூசுப் தினமும் அதைத் தாண்டித்தான் பட்டறையைத் திறக்கிறார்.

அதனால் முடிவாக ஒன்று எழுதுகிறேன். இதை சிவக்குமாருக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.

சிவக்குமார் தானே உக்கடத்துக்குப் போக வேண்டும். பட்டறையில் லாரிகள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். எந்த இடத்தில் நின்று எந்தக் குரலில் சொன்னானோ, அதே இடத்தில் அதே குரலில், பாய் கட்டின இன்ஜின் சரி, தப்பு எங்கள் வாசலில் என்று சொல்ல வேண்டும். காதோடு காதாகச் சொல்வது செல்லாது. விலகிப் போன லாரிக்காரர்கள் இரண்டு பேரிடமும் அவனே போய்ப் பேச வேண்டும், பாதியில் எடுத்துப் போன அந்த வண்டியை யூசுப் கையால்தான் முடிக்கச் சொல்ல வேண்டும். யூசுப் "பரவால்லீங்கண்ணா" என்று பாதியிலேயே அவனை நிறுத்தக் கூடாது, முழுசாகக் கேட்க வேண்டும். நம் லாரியின் பின் சீலையும் அவர்தான் மாற்ற வேண்டும். இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. கன்னி மூலை உயரமாகவே இருக்கட்டும், கனமானது வேண்டும் என்றால் அங்கே ஓர் ஆட்டுக்கல்லைப் போட்டுக்கொள்ளட்டும், லாரி இனி ரோட்டோரம் சமமான இடத்தில் நிற்கும். பழனிச்சாமி அங்கே வைத்துத்தான் தினமும் கம்பியைப் பார்க்க வேண்டும், ஆயில் மாற்றினால் எடைமேடைக்குப் போக வேண்டும், மேடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அது உங்கள் கணக்கு, நின்றுபோகக் கூடாது.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. முழங்கால் இடம் கொடுக்கும்வரைக்கும் எடைமேடைக்கு நானும் போவேன். இந்த லுங்கித் துண்டால் கம்பியைத் துடைப்பேன். மேல் கோட்டுக்கு நகக்கண் குறைவாகத்தான் எண்ணெயை நிறுத்துவேன். நீங்கள் கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்காக இல்லை. நான் சொன்னது சரி என்பதால். இல்லை என்றால், பாய், நீங்கள்தான் வந்து சண்டை போட வேண்டும்.